பறக்கும் மண்டபத்தின் கருமாதி

பிரிக்பீல்ட்ஸில் மசாலை அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் ‘மலாயா பறக்கும் மண்டபம் ரசிகர் மன்றம்’ இருந்தது. நாடு மலேசியாவாகி இருபது வருடம் தாண்டியும் மன்றம் மட்டும் மலாயாவிலேயே தங்கிவிட்டதற்குக் காரணம், பெயர் மாற்றத் தீர்மானம் துணைக்குழுவின் பரிசீலனையில் இருந்ததுதான். துணைக்குழுவின் மூவரில் இருவர் காலமாகிவிட்டார்கள். மூன்றாமவர் கோரம் இல்லாமல் கூட்டம் போடக் கூடாது என்று காத்திருந்தார்.

‘பறக்கும் மண்டபம்’ பழைய கறுப்பு வெள்ளைப் படம். வஜ்ரகேது என்ற இளவரசன், கடகடப்பான் என்ற பூதத்தின் துணையோடு ஆயிரங்கால் மண்டபம் ஒன்றை அடியோடு பெயர்த்து ஆகாயத்தில் ஓட்டிப் போய், மேகவல்லியைச் சிறை மீட்பான். மண்டபம் எழும்பும் காட்சியில் அதைத் தூக்கும் நூல்கள் தெளிவாகத் தெரியும். மன்றத்தில் நூல்களைப் பற்றிப் பேசுவது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். ஒருமுறை புது உறுப்பினர் ஒருவர், “அண்ணே, அது என்ன கம்பி மாதிரி தெரியுது?” என்று கேட்டுவிட்டார். மறுவாரம் அவர் புது உறுப்பினர் அல்ல, பழைய உறுப்பினர்.

ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு உறுப்பினர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கூடுவார்கள். வீடியோவில் அந்தக் காட்சி மட்டும் ஓடும். மண்டபம் எழும்பும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். முட்டிவலிக்காரர்கள் மருத்துவர் கடிதம் கொடுத்தால் உட்கார்ந்தபடி எழுந்து நிற்பதாகக் கருதப்படுவார்கள். அதே நேரத்தில் மேடையில் ஒட்டுப்பலகையால் செய்த சிறு மண்டபம் ஒன்று கயிற்றில் மேலே ஏறும். அந்தக் கயிற்றை இழுப்பவர் தங்கமணி. மன்ற விதிகளில் அவர் பதவிக்கு ‘ஏற்றுநர்’ என்று பெயர். இறக்குவதும் அவர்தான் என்றாலும் இறக்குவதைப் பற்றி விதிகள் எதுவும் சொல்லவில்லை.

தங்கமணி மன்றத்தில் சேர்ந்தது படத்துக்காக அல்ல. ஞாயிற்றுக்கிழமைக்காக.

அவர் ரயில்வே சரக்குக் கொட்டகையில் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. திங்கள் முதல் சனி வரை மூட்டைகளும் பார்சல்களும் அவரைப் பார்த்துக்கொள்ளும். ஞாயிறு மத்தியானம் சோறு தின்று கை கழுவிய பிறகு குவாட்டர்ஸ் வீட்டில் சுவர்க்கடிகாரம் மட்டும்தான் பேசும். மனைவி இராஜம்மா இறந்து இரண்டு வருடம். பிள்ளை இல்லை. ஒரு ஞாயிறு வெளியே நடந்தவர் மசாலை வாசனையைத் தொடர்ந்து போய், மாடிப்படியில் நிறையச் செருப்புகளைப் பார்த்தார். அத்தனை செருப்பை ஒரே இடத்தில் பார்த்து வெகு நாளாகியிருந்தது. ஏறிவிட்டார். “நீங்க படத்தோட ரசிகரா?” என்று கேட்டார்கள். “ஆமா” என்றார். அது பாதி உண்மை.

கல்யாணமான புதிதில் அவரும் இராஜம்மாவும் அந்தப் படத்துக்குப் போயிருந்தார்கள். அரண்மனை முழுவதையும் ஏற்றிக்கொண்டு மண்டபம் மேலே எழும்புகிறது. கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது இராஜம்மா, எல்லோருக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்:

“ஏங்க, இத்தன பேர மேல ஏத்திட்டானே, கக்கூஸ் எங்க போவாங்க?”

முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தங்கமணிக்குக் கச்சாங் பூத்தே கடலை புரையேறி, கண்ணில் நீர் வழிய வெளியே ஓடினார். அன்றிலிருந்து அது வீட்டுக் கேள்வியாகிவிட்டது. தலைக்குமேல் விமானம் போனால் கேட்பாள். பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தைப் பார்த்தால் கேட்பாள். பெரிய இடத்துக் கல்யாணப் பத்திரிகை வந்தால், பிரித்துப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்பாள். ஆஸ்பத்திரியில் ஆறாவது மாடி வார்டுக்கு லிஃப்டில் தள்ளிக்கொண்டு போனபோதுகூட மெதுவாகக் கேட்டாள். பதில் கிடைக்காமலேயே போய்ச் சேர்ந்தாள்.

இதைத் தங்கமணி மன்றத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

அந்த வருடம் தீபாவளிக்கு இடி மாதிரி ஒரு செய்தி வந்தது. ‘பறக்கும் மண்டபம்’ படத்தின் இரண்டாம் பாகம் வருகிறது. அதே நாயகர், அதே பூதம், இம்முறை வண்ணத்தில். பெயர், ‘மண்டபம் வாடகைக்கு’.

பெயரைக் கேட்டதும் மன்றத்தில் லேசான சலசலப்பு எழுந்தது. கொள்கை விளக்கச் செயலாளர் முத்துக்கருப்பன் எழுந்து அதை அடக்கினார். அவர் தொழிலால் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், எதையும் விளக்கிவிடுவார்.

“‘வாடகை’ன்னா என்ன? இந்த உடம்பு வாடகை வீடு. ஆத்மா குடியிருக்கு. மண்டபம்ங்கிறது பிரபஞ்சம். இது தத்துவப் படம்லா! நமக்கே புரிய ரெண்டு தடவ பாக்கணும்.”

ஒருமுறையே போதுமானதாக இருந்தது.

முதல் நாள் காட்சிக்கு உறுப்பினர்கள் வெள்ளைச் சட்டையில் மண்டபச் சின்னம் குத்திக்கொண்டு ஊர்வலமாகப் போனார்கள். தியேட்டர் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். டிக்கெட் கிழிப்பவர், “அண்ணே, செருப்பு காணாமப் போனா நாங்க பொறுப்பில்ல லா” என்றார். மன்றத் தலைவர் குமரப்பன் அவரை ஒரு பார்வை பார்த்தார். குமரப்பன் தேக்கு மேசை நாற்காலி வியாபாரி. டீ சொல்வதைக்கூட மேடைத் தமிழில்தான் சொல்வார். “தம்பி, போனால் போகட்டும் பாதணி. வந்திருப்பது மண்டபம்!” என்றார். படம் முடிந்து வரும்போது அவருடைய செருப்பு போயிருந்தது.

தலைப்பு வந்ததும் மன்றம் எழுந்து நின்றது. பின்னாலிருந்து, “ஓய், உக்காருங்க லா! நாங்களும் காசு குடுத்துத்தானே வந்திருக்கோம்!” என்று சத்தம் வந்தது. மன்றம் நின்றபடியே இருந்தது. பிறகு திரையைப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக உட்கார்ந்தது.

வஜ்ரகேதுவுக்குத் தொந்தி விழுந்திருந்தது. பறக்கிற காலம் மலையேறிப்போய், மண்டபத்தை ஊருக்கு வெளியே இறக்கி, கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தான். பூதம் சமையல்காரன். மேகவல்லி, போன கல்யாணத்தில் காணாமற்போன கரண்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். முதல் கால்மணி நேரத்தில் தலைவரின் கழுத்து விறைத்தது. தலைவர் கழுத்தைப் பார்த்து மற்றக் கழுத்துகளும் விறைத்தன. கொட்டகையில் மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருக்க, நடுவே மூன்று வரிசை மட்டும் இழவு வீட்டு முற்றம்போல் இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. மண்டபம் பறந்தால்தான் தாலி கட்ட விடுவேன் என்று பெண்ணின் அத்தை அடம் பிடிக்கிறாள். சாம்பார் வாளி, நாயனக்காரர், பந்தியில் பாதி தின்றவர்கள் எல்லோரோடும் மண்டபம் முனகிக்கொண்டே மேலே கிளம்புகிறது. மேகத்துக்கு மேல் போனதும் அத்தை இடுப்பில் கை வைத்து நின்று வஜ்ரகேதுவைக் கேட்கிறாள்:

“அது சரி தம்பி, இத்தன பேர மேல ஏத்திட்டியே, கக்கூஸ் எங்கப்பா?”

வஜ்ரகேது பூதத்தைப் பார்க்கிறான். பூதம் கீழே தெரியும் பூமியைப் பார்க்கிறது. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, “இத்தன வருஷத்தில ஒருத்தரும் கேக்கலையே, தாயி!” என்கிறது.

தங்கமணி சிரித்தார்.

அது அவர் சிரித்த சிரிப்பு என்று சொல்ல முடியாது. இரண்டு வருடம் பூட்டிக்கிடந்த வீட்டின் கதவு காற்றில் தானாகத் திறந்துகொண்டது போல அது வந்தது. வயிறு குலுங்கியது. கண் நிறைந்தது. ‘கேட்டியா, ஒருவழியாக் கேட்டுட்டாங்க!’ என்று சொல்ல வாயெடுத்து இடது பக்கம் திரும்பினார்.

அங்கே முத்துக்கருப்பன் உட்கார்ந்திருந்தார்.

தங்கமணி சிரிப்பை இருமலாக மாற்றினார். இருமலைத் தும்மலாக மாற்றினார். அதற்குமேல் மாற்ற எதுவும் இல்லாததால் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார்.

மறுநாளே அவசரப் பொதுக்கூட்டம். மேடையில் பழைய படத்தின் போஸ்டருக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். கயிற்றை இழுக்க வேண்டாம் என்று ஏற்றுநருக்கு எழுத்து மூலம் உத்தரவு வந்திருந்தது. ஒட்டுப்பலகை மண்டபம் பாதிக் கம்பத்தில் தொங்க வேண்டும்.

குமரப்பன் பேசினார். முழுப் பேச்சும் குறிப்பேட்டில் இருக்கிறது. செயலாளர் சபாபதி தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், எதையும் தவறவிடமாட்டார்.

“அன்பு நெஞ்சங்களே! என் மூத்த மகள் பிறந்தபோது நான் எங்கே இருந்தேன்? ஆஸ்பத்திரியிலா? இல்லை! பறக்கும் மண்டபத்தின் ஐம்பதாவது நாள் விழாவில் இருந்தேன்! என் தந்தையாருக்குக் கொள்ளி வைத்த கையோடு எங்கே வந்தேன்? இந்த மாடிக்கு வந்தேன்! என் துணைவியார் நாச்சம்மை இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஏன்? மண்டபத்துக்காக! நான் எல்லாவற்றையும் விட்டேன். விட்டு, எதைப் பிடித்தேன்? ஒரு மண்டபத்தைப் பிடித்தேன். அந்த மண்டபத்தில் இன்றைக்குச் சாம்பார் வாளி வைத்திருக்கிறார்கள், தோழர்களே! சாம்பார் வாளி!”

கைதட்டல் எழுந்தது. துக்கக் கூட்டத்தில் கைதட்டலாமா என்று ஒருவர் ஐயம் கிளப்பினார். துக்கமாகத் தட்டலாம் என்று முத்துக்கருப்பன் விளக்கினார்.

அடுத்து ஏமாற்றப் பதிவு. ஒவ்வொரு உறுப்பினரும் மேடையேறித் தமக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தை அறிவிக்க வேண்டும். குழு அதை முழு ஏமாற்றம், முக்கால் ஏமாற்றம், சாதாரண ஏமாற்றம் என்று தரம் பிரிக்கும். முதலில் வந்தவர் தமக்குச் சோறு இறங்கவில்லை என்றார். அடுத்தவர் தமக்குத் தண்ணீரே இறங்கவில்லை என்றார். அதற்கடுத்தவர் சர்க்கரை ஏறிவிட்டதாகச் சொல்லி ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டினார். தேதி போன மாதத்ததாக இருந்தது. முன்கூட்டியே ஏற்பட்ட ஏமாற்றம் உயர்ந்த வகை என்று அவருக்கு முழு ஏமாற்றம் வழங்கப்பட்டது.

தங்கமணியின் முறை வந்தது. “மனசு ஒரு மாதிரியா இருக்குங்க” என்றார். அது பொய்யில்லை. சாதாரணம் என்று பதிவாயிற்று.

மதராஸில் உள்ள படக் கம்பெனிக்குத் தந்தி அடித்தார்கள். பதில் வரவில்லை. மௌனம் குற்றத்தின் ஒப்புதல் என்று தீர்மானம் போட்டார்கள். அதையும் தந்தியில் தெரிவித்தார்கள். அதற்கும் மௌனம். குற்றம் இரட்டிப்பாயிற்று.

பதினாறாம் நாள், மாடியில் கருமாதி வைத்தார்கள்.

அழைத்து வரப்பட்ட ஐயருக்கு விஷயம் சரியாகச் சொல்லப்படவில்லை. உட்கார்ந்து, தர்ப்பையைப் பிரித்து, “காலமானவா பேரு?” என்றார்.

“பறக்கும் மண்டபம்” என்றார் சபாபதி.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். கூடத்தில் கறுப்புப் பட்டை கட்டிய அறுபது பேர் இருந்தார்கள். “நட்சத்திரம்?”

“படம் ரிலீஸ் ஆன அன்னிக்கு உத்திரட்டாதி. பஞ்சாங்கம் பாத்து வச்சிருக்கேன், சாமி.”

“பிண்டம் யார் வைக்கிறா? புள்ளையாண்டான் உண்டா?”

“ஒரு பிள்ளை உண்டு” என்றார் குமரப்பன் தழுதழுத்த குரலில். “அதுதான் ‘மண்டபம் வாடகைக்கு’. அது தறுதலை. ஆகையால் தலைவர் என்ற முறையில் நானே வைக்கிறேன்.”

ஐயர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவருக்கு அன்று ஐந்து மணிக்குச் செந்தூலில் இன்னொரு காரியம் இருந்தது. அங்கே மனிதர் யாரோ இறந்திருந்தார்.

குமரப்பன் எள்ளும் நீரும் இறைத்தபோது கூடமே விம்மியது. வடை, பாயசத்தோடு சாப்பாடு. இடம் போதாமல் படிக்கட்டிலும் இலை போட்டார்கள். தங்கமணி கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இராஜம்மாவின் பதினாறுக்கு நாலு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் வீட்டு மீட்டர் பார்க்க வந்தவர். வந்ததற்கு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை மெல்லும்போது சபாபதி எழுந்தார்.

“ஒரு விஷயம். படத்தன்னிக்கி நம்ம வரிசையில ஒருத்தர் சிரிச்சிருக்கார். சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. கக்கூஸ் வர்ற இடத்தில.”

கூடத்தில் மெல்லுவதுகூட நின்றுவிட்டது.

“பேர சொல்லலாமா?” என்று சபாபதி தலைவரைப் பார்த்தார். பிறகு எல்லோரும் தங்கமணியைப் பார்த்தார்கள். முத்துக்கருப்பன் மட்டும் கூரையைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு விசாரணை. மூவர் குழு: குமரப்பன், சபாபதி, முத்துக்கருப்பன். எதிரே ஒரு மடக்கு நாற்காலியில் தங்கமணி. வேலை போகும் என்றால்கூட அவர் அவ்வளவு பயந்திருக்க மாட்டார். ரயில்வேக்குப் போட்டியாக உலகில் வேறு வேலைகள் இருக்கின்றன. அவருக்கு இந்த மாடியைத் தவிர வேறு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

“எந்தக் காட்சியில் சிரித்தீர்?” என்றார் குமரப்பன்.

“கக்கூஸ் சீன்லங்க.”

சபாபதி பேனாவைத் தூக்கினார். “தலைவரே, இந்த வார்த்தைய மினிட்ஸ்ல எழுதலாமா? வருங்காலச் சந்ததி படிக்கும்.”

அரைமணி நேரம் விவாதம் நடந்தது. ‘கழிப்பறை’ என்றார் முத்துக்கருப்பன். அதில் அறை இருக்கிறது, பறக்கும் மண்டபத்தில் அப்படி ஓர் அறை இருந்ததாக ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்றார் குமரப்பன். கடைசியில் ‘மேற்படி தேவை’ என்று எழுதிக்கொண்டார்கள்.

“மேற்படி தேவையைக் கண்டு ஏன் சிரித்தீர்?”

தங்கமணி வாயைத் திறந்தார். பொய் ஒன்று தயார் செய்துகொண்டு வந்திருந்தார், புரையேறியது என்று. ஆனால் இரண்டு வருடத்தில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூன்று பேர் முன்னால் குனிந்து, ‘ஏன்?’ என்று கேட்டது அதுவே முதல் தடவை. உண்மை தானாக வந்துவிட்டது.

“எங்க வீட்டம்மா இராஜம்மா, இதே கேள்விய முதல் படத்தப்பவே கேட்டுச்சுங்க. கொட்டகையில எல்லாருக்கும் கேக்கிற மாதிரி. அப்புறம் வாழ்நாள் பூரா கேட்டுச்சு. இப்ப படத்திலயே யாரோ கேக்கவும்... அதுவே பக்கத்தில உக்காந்து கேட்ட மாதிரி இருந்திச்சு. அதான்.”

கீழே மசாலை அரைக்கும் இயந்திரம் மட்டும் ஓடியது. குமரப்பன் ஏதோ சொல்ல வந்தார். முகத்தில், தேக்குப் பலகையில் ஈரம் பட்டது போல ஒரு நிறம் வந்து போனது. பிறகு தொண்டையைச் செருமி, கனைத்து, தலைவரானார்.

“காலஞ்சென்ற அம்மையார் மன்ற உறுப்பினரா?”

“இல்லீங்க.”

“சந்தா?”

“இல்லீங்க.”

முத்துக்கருப்பன் மேசையைத் தட்டினார். விளக்கம் பிறந்துவிட்டது. “அப்ப சிரிச்சது இவர் இல்ல! அந்த அம்மா! கேள்வி அவங்களுது, அதனால சிரிப்பும் அவங்களுது. இவர் வாய மட்டும் வாடகைக்கு விட்டிருக்கார். அந்த அம்மா உறுப்பினர் இல்லாததால நம்ம விதி அவங்களக் கட்டுப்படுத்தாது. கேஸ் குளோஸ்!”

அப்படியே தீர்ப்பாயிற்று. ‘மேற்படி சிரிப்பு, உறுப்பினர் அல்லாத திருமதி இராஜம்மாவுடையது எனக் கண்டு, ஏற்றுநர் தங்கமணி நிரபராதி என விடுவிக்கப்படுகிறார்.’ பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு, இனி எவரும் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காக, மன்றத்தார் அனைவரும் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள்: ‘மண்டபம் வாடகைக்கு’ படத்தை இனி இந்தக் கண்களால் பார்ப்பதில்லை. பார்த்தால் உறுப்பினர் பதவி தானாகவே போய்விடும். தங்கமணியும் சுடரில் கை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிழைத்துவிட்டது. பொன்னாடையை வீட்டு நாற்காலியின் முதுகில் போட்டார். நாற்காலி யாரோ உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது. அதன் எதிரே உட்கார்ந்து, இராஜம்மா கேட்பது போலத் தம் வாயாலேயே கேட்டுப் பார்த்தார். “கக்கூஸ் எங்க போவாங்க?” வரவில்லை. அது அவர் குரலாகத்தான் இருந்தது. அவள் எந்த இடத்தில் இழுப்பாள், எந்த இடத்தில் சிரிப்பை விழுங்குவாள் என்பது நழுவிப் போய்க்கொண்டிருந்தது. தியேட்டரில் ஒரு கணம் அச்சாகக் கேட்டது. மன்றம் அந்தச் சிரிப்பை அவளுடையது என்று எழுதிக்கொடுத்துவிட்டு, அவளைப் பார்க்கும் வழியை அடைத்துவிட்டது.

கோலாலம்பூரில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். பத்திரிகையில் மூலையில் சின்னதாக ஒரு விளம்பரம் வந்தது: ‘கிள்ளானில் ஞாயிறு பகல் காட்சியோடு கடைசி.’

தங்கமணி பல்வலி என்று சொல்லிக் கூட்டத்துக்கு லீவு கேட்கச் சபாபதி வீட்டுக்குப் போனார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறக்கு முன்னே சபாபதி, “இந்த ஞாயிறு கூட்டம் இல்ல, தங்கமணி. தலைவருக்கு டெங்கில் ஊர்ல ஒரு கல்யாணம். முத்துக்கருப்பனுக்கு வயித்துப்போக்கு. எனக்குச் சுங்கை பூலோவில சொந்தத்தில ஒரு விசேஷம்” என்றார். தங்கமணி கன்னத்திலிருந்து கையை எடுத்தார். நல்ல பல்வலி ஒன்று வீணாயிற்று.

கிள்ளானில் தம்மை யாருக்கும் தெரியாது என்பதுதான் தைரியம். கொட்டகை பழையது, மின்விசிறிகள் படத்தைவிடச் சத்தமாக ஓடின. படம் தொடங்கிய பிறகு, இருட்டோடு இருட்டாக நுழைந்து நடுவரிசையில் உட்கார்ந்தார். இடது பக்க இருக்கையைக் காலியாக விட்டு, அதில் கச்சாங் பூத்தே பொட்டலத்தை வைத்தார். முன்னால் யாரோ இருட்டிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், தடவித் தடவி வரிசை தேடிக்கொண்டிருந்தார். அங்கங்கே ஒற்றை ஒற்றையாகத் தலைகள். ஜோடி என்று எதுவும் இல்லை.

மண்டபம் முனகிக்கொண்டே எழும்பியது. அத்தை இடுப்பில் கை வைத்தாள். தங்கமணி இடது பக்கம் காதைக் கொடுத்தார்.

கேட்டாள். அதே இழுப்பு. அதே விழுங்கல்.

அவர் சிரித்தார், கைக்குட்டையை எடுக்காமல், பொட்டலம் உருண்டு கடலை சிதற, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தார், கொட்டகையில் வேறு சிரிப்புகளும் இருந்தன. முன்னால் ஒன்று, எண்ணெய் போடாத கதவு போல. ஓரத்தில் ஒன்று, வாளியில் தண்ணீர் தளும்புவது போல. பின்னால் ஒன்று வெகு நேரம் அடக்கப்பட்டு, விக்கி விக்கி வந்தது. மன்றத்தில் யாருடைய சிரிப்பையும் அவர் கேட்டதில்லை. அதனால் எது யாருடையது என்று அடையாளம் தெரியவில்லை.

விளக்கு போட்ட பிறகு தெரிந்தது.

கறுப்புக் கண்ணாடியில் குமரப்பன். ஓரத்தில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முத்துக்கருப்பன். கடைசி வரிசையில், கண்ணைத் துடைத்தபடி சபாபதி. சர்க்கரை ஏறிய உறுப்பினரும் இருந்தார், ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரையும் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சுவரில் இருந்த ‘புகை பிடிக்காதீர்’ பலகையை அக்கறையாகப் படித்தார்கள்.

ஆளுக்கொரு வாசலால் வெளியே வந்தார்கள். ஆனால் கோலாலம்பூருக்குப் போக ஒரே பஸ்தான். குமரப்பனின் கார் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தெரிந்த கார் என்பதால் அவரும் பஸ்ஸில்தான் வந்திருந்தார். தியேட்டருக்கு எதிர் நிறுத்தத்தில் ஐந்து பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ் வந்தது. பாதிக்குமேல் காலி. ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். தங்கமணி கடைசியில் உட்கார்ந்தார்.

கண்டக்டர் வீரம்மா டிக்கெட் பெட்டியைத் தட்டிக்கொண்டே முன்னாலிருந்து வந்தாள். “எல்லாம் ஒரே கூட்டந்தானே அண்ணே? சேத்துக் கிழிச்சிடட்டா?”

“இல்லை, அம்மணி” என்றார் குமரப்பன், ஜன்னலை விட்டுத் திரும்பாமல். “நான் தனி.”

“நான் தனிம்மா” என்றார் சபாபதி.

“தனி” என்றார் முத்துக்கருப்பன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

ஐஸ்கிரீம்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு, “நானும் தனிதான்” என்றார்.

“என்னா லா இது!” என்றாள் வீரம்மா. “ஒரே தியேட்டர்ல இருந்து வந்து, ஒண்ணா நின்னு, ஒண்ணா ஏறிட்டு, எல்லாரும் தனித் தனியா?” கடைசி இருக்கைக்கு வந்து நின்றாள். “நீங்களும் தனியா அண்ணே?”

இரண்டு வருடமாக அந்தச் சொல் தங்கமணியின் வீட்டில்தான் குடியிருந்தது. யாரிடமும் அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல ஆள் இருந்தால்தானே.

“ஆமாம்மா” என்றார். “நானும் தனி.”

சொல்லி முடித்ததும், முன்னால் இருந்த நான்கு பின்னந்தலைகளையும் பார்த்தார். நான்கும் ஒரே விறைப்பில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது போல, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தன. வயிற்றிலிருந்து மறுபடியும் அது கிளம்பியது. அடக்கவில்லை. இந்தச் சிரிப்புக்கு இராஜம்மா பொறுப்பில்லை, இது அவருடையதுதான். உறுப்பினருடையதுதான்.

வீரம்மா பயந்து ஓரடி பின்னால் போனாள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முன் இருக்கையில் தலைவரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. கிள்ளான் சாலை மோசமான சாலைதான், குழிகளுக்குக் குறைவில்லை. ஆனால் பஸ் அப்போது சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தது.